தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை: சாயக்கழிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

மழைக்காலம் தொடங்கினால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நுரை பொங்கி ஓடும் படம் செய்தித்தாளில் வந்துவிடும். கூடவே பேச்சும் தொடங்கிவிடும். "ஆத்துல கலர் தண்ணி விடறாங்க" என்பார்கள் ஒரு தரப்பில். "பிளான்ட் போட்டாச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி வருது, இன்னும் என்ன பிரச்சினை?" என்பார்கள் இன்னொரு தரப்பில். இரண்டு தரப்புமே பேசுவது கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பற்றித்தான். ஆனால் நொய்யல் கரையில் வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்கே தெரியாத உப்புக்கு உண்டு. தண்ணீர் தெளிந்த பிறகும் அந்த உப்பு அப்படியே அதில் இருக்கும்.

தொழிற்சாலைக் கழிவுநீரை ஏன் முறையாகச் சுத்திகரிக்க வேண்டும், ஏன் அதற்கு இவ்வளவு செலவாகிறது என்பதைத் திருப்பூர் சாயப்பட்டறைகளை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை.

மூன்று டம்ளர்

மூன்று டம்ளர்களில் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு ஸ்பூன் மண். இரண்டாவதில் கொஞ்சம் வடிகஞ்சி. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் உப்பு. கலக்கிவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்துவிடும். மேலே இருப்பதை மெதுவாக வடித்தெடுத்தால் போதும். கஞ்சித் தண்ணீர் அப்படிப் படியாது. மறுநாள் புளித்து நாற்றம் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தக் கஞ்சியைத் தின்னத் தொடங்கிவிட்டன என்பதுதான் அதன் பொருள். முழுதாகத் தின்று முடிக்க அவற்றுக்குக் காற்றும் நேரமும் கிடைத்தால் கஞ்சி காணாமல் போகும். மூன்றாவது டம்ளர்தான் சிக்கல். உப்பு படியாது. அதைத் தின்ன எந்த உயிரும் வராது. துணியில் வடிகட்டினாலும் கூடவே வந்துவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் தண்ணீர் பளிச்சென்று இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால்தான் உப்பு தனியே அடியில் நிற்கும்.

ஆலைக் கழிவுநீரில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கத் தனித்தனி வழி வேண்டும். ஒன்றுக்குச் செய்ததை வைத்து மற்றதும் போய்விட்டது என்று நினைப்பதில்தான் குழப்பமே பிறக்கிறது.

கஞ்சி ஆற்றுக்குப் போனால்

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சுத் தூசி, நூல் துணுக்கு, மணல் போன்ற மிதக்கும் துகள்களைச் சல்லடையிலும் படிவுத் தொட்டியிலும் நிறுத்திவிடலாம்.

கஞ்சி வகையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாவு, எண்ணெய், சோப்பு, மெழுகு என நுண்ணுயிர் தின்னக்கூடிய எல்லாம் இதில் அடக்கம். இவை தாமாக விஷமாக இல்லாவிட்டாலும் ஆற்றைக் கொல்லும். எப்படி? தின்னும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட வேண்டும். அதற்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான். மீனும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள தீனியைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவுக்குப் பெயர் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. பட்டறைகளிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் பிஓடி என்றே சொல்வார்கள். இந்தியாவில் கழிவுநீரை மூடிய பாட்டிலில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து இதை அளக்கிறார்கள். ஆற்றில் விடலாம் என்று விதி அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம். சுத்திகரிக்காத சாயக்கழிவில் இது சில நூறு மில்லிகிராம் இருக்கும். தண்ணீரின் கையிருப்போ 8. அப்படிப்பட்ட கழிவு ஆற்றில் இறங்கினால் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடும். மீன் மூச்சுத்திணறி மிதக்கும். அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமலே வாழும் இன்னொரு வகை நுண்ணுயிர்கள் பெருகும்; அழுகிய முட்டை நாற்றம் அவற்றால் வருவது.

இதே வேலையை ஆற்றில் நடக்கவிடாமல் தொட்டிக்குள் நடத்துவதுதான் உயிரியல் சுத்திகரிப்பு. பெரிய தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதி, அவை வயிறாரத் தின்னும்வரை கழிவுநீரை அங்கேயே வைத்திருக்கிறார்கள். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கண்டறியப்பட்ட முறை இது. இன்றும் உலகின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

சாயம் மட்டும் இந்த வரிசையில் சரியாக உட்காராது. துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் வெளுக்கக் கூடாது என்றே செய்யப்பட்ட பொருள் அது. நுண்ணுயிர்களுக்கும் லேசில் மசியாது. அதனால்தான் வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக சிஓடி, என்று இன்னொரு அளவும் உண்டு. நுண்ணுயிர் தின்னக்கூடியது, தின்ன முடியாதது என்று பார்க்காமல், வலுவான ரசாயனம் ஒன்றைக் கொண்டு கிட்டத்தட்ட எல்லாக் கரிமப் பொருளையும் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது சிஓடி. பிஓடி குறைவாகவும் சிஓடி அதிகமாகவும் இருந்தால், நுண்ணுயிர்களால் கைவைக்க முடியாத சரக்கு உள்ளே நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை பார்த்தது: மிதப்பதைப் படியவைக்கலாம். தின்னக்கூடியதை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகப் போடலாம். பிஓடி, சிஓடி இரண்டும் அந்தத் தீனியையும் அதற்கு மேல் உள்ளதையும் அளக்கும் அளவுகள். இரண்டுமே உப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

பனியனுக்குள் உப்பு எப்படி வந்தது?

துணிக்குச் சாயம் போட உப்பு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உண்டாகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்திலும் எதிர் மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும். சாயம் நூலை நெருங்க வேண்டுமென்றால் அந்தத் தள்ளுதலைத் தணிக்க வேண்டும். உப்பு அதைச் செய்கிறது. அது தண்ணீரில் கரைந்ததும் பிரியும் நேர் மின்னூட்டத் துகள்கள் நூலைச் சூழ்ந்துகொள்ள, சாயம் நூலிடம் போய்ச் சேர்கிறது. அப்புறம் சோடா சேர்த்தால் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பில் பிடித்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: உப்பு தரகர் வேலையை மட்டுமே பார்க்கிறது. துணியில் அது தங்குவதில்லை. போட்ட சாயத்தில் பாதிக்கு மேல் துணியில் ஏறிவிடும், மிச்சம் அலசலில் வெளியேறும். உப்போ போட்டது அத்தனையும் கழிவுநீரில்தான் போய்ச் சேரும்.

அளவு எவ்வளவு தெரியுமா? அடர் நிறத்துக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம், சில நிறங்களுக்கு அதற்கும் மேல். ஒரு கிலோ துணிக்குத் தொட்டியில் 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 100 கிராம் உப்பு போகிறது. வின்ச் எனப்படும் பழைய வகைச் சாயத்தொட்டிகளில் தண்ணீர் இன்னும் அதிகம் பிடித்தது. உப்பைத் துணியின் எடைக்குப் போடுவதில்லை, தண்ணீரின் அளவுக்கே போடுகிறார்கள் என்பதால் உப்பும் அதற்கேற்ப எகிறியது. சாஃப்ட் ஃப்ளோ எனப்படும் இன்றைய சாய இயந்திரங்களில் தண்ணீர் குறைவு, ஆகவே உப்பும் குறைவு. சுத்திகரிப்பு என்பது குழாயின் கடைசியில் தொடங்கும் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் எந்த இயந்திரத்தை வாங்குகிறோம் என்பதிலேயே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

தண்ணீரில் கரைந்து நிற்கும் உப்புகளின் மொத்த அளவுக்குப் பெயர் டிடிஎஸ். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கழிவுநீரை வெளியேற்றத் தமிழ்நாட்டில் வைத்த உச்ச அளவு 2,100. சாயத்தொட்டி நீரையும் அலசல் நீரையும் சேர்த்துப் பார்த்தால் 6,000க்கு மேல் போவது சாதாரணம்.

ஒரு பட்டறைக் கூட்டம் சேர்ந்து நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் விடுகிறது, லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 6 டன் உப்பு. இதைப் போல எத்தனையோ கூட்டங்கள் திருப்பூரில் வருடக்கணக்கில் ஓடின.

உப்பு மண்ணுக்குள் போனால்

செடியின் வேர் தண்ணீரை இழுப்பது ஓர் எளிய விதிப்படி: உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் தானாக நகரும். சாதாரணமாக வேருக்குள் உப்பு அதிகம், மண்ணில் குறைவு. தண்ணீர் உள்ளே போகிறது. மண்ணில் உப்பு ஏறினால் வேரால் இழுக்க முடியாது. காலடியில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடும். தண்ணீர் பாய்ச்சியும் காய்கிறதே என்று விவசாயி தவிப்பது இதனால்தான்.

இரண்டாவது கேடு மண்ணின் கட்டமைப்புக்கு. களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பது கால்சியம். சாயக்கழிவின் உப்பில் இருப்பது சோடியம். சோடியம் வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்து, இடுக்குகளை அடைத்து, காய்ந்ததும் தளம் போட்டது போல இறுகிவிடும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த நிலத்தை மீட்கக் கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பை அலசி வெளியேற்ற வேண்டும். நல்ல தண்ணீரே இல்லாத ஊரில் அதற்கு எங்கே போவது?

ஒரத்துப்பாளையம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது நொய்யல். இந்த ஆற்றில் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். கீழே உள்ள நிலங்களுக்குப் பாசனம் தருவதற்கான அணை அது. மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேகமெடுத்த காலமும் அதுவே. அணையில் வந்து நின்றது சாயக்கழிவு. தேங்கிய தண்ணீரிலிருந்து உப்பு நிலத்தடிக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகள் கரித்தன. தண்ணீருக்காகக் கட்டிய அணையின் தண்ணீரையே வயலுக்கு வேண்டாம் என்று விவசாயிகள் ஒதுக்கும் நிலை வந்தது. எந்தப் பாசன விவசாயியும் அந்த நிலைக்குத் தள்ளப்படக் கூடாது.

அந்தக் காலத்தில் சுத்திகரிப்பே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரளவைத்துப் படியவைத்தார்கள். நிறம் நன்றாகக் குறைந்தது. டிடிஎஸ் குறையவில்லை, போட்ட ரசாயனங்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த அந்த உப்புத் தண்ணீர்தான் நொய்யலில் போனது. முதல் இரண்டு டம்ளர்களுக்கான வைத்தியத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவதை அப்படியே ஆற்றில் கொட்டியதற்குச் சமம் இது.

நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கடுமையான உத்தரவு போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத நிலையை மூன்று மாதத்துக்குள் எட்ட வேண்டும் என்றது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது; 700க்கும் மேற்பட்டவை ஒரே நேரத்தில் நின்றன. ஊரே ஸ்தம்பித்தது. கூலி வேலைக்காரர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. ஆனால் கீழே நிலத்தை இழந்தவர்களின் பாடு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

உப்பைத் தனியே எடுப்பது

இன்று திருப்பூரில் உள்ள ஏற்பாட்டுக்குப் பெயர் பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம். ஜீரோ டிஸ்சார்ஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டி வரும் தெளிந்த உப்புத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்புவது அதன் சாரம். இதில் இரண்டு கட்டம் உண்டு.

முதல் கட்டம் ஆர்.ஓ. வேர் தண்ணீரை இழுப்பதைப் பற்றி மேலே சொன்னோமே, அதே விதியைத் திருப்பிப் போட்டதுதான் இது. தண்ணீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீரை நிறுத்தி, பம்பு வைத்து அழுத்தினால் நல்ல தண்ணீர் மறுபக்கம் வந்துவிடும். படிப்படியாகப் பல சவ்வுகளில் அழுத்தி, வந்த தண்ணீரில் பெரும்பகுதியை இப்படி மீட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய கொஞ்சத் தண்ணீரில் மொத்த உப்பும் செறிந்து நிற்கும். ரிஜெக்ட் என்று சொல்வது இதைத்தான். இதற்கு மேல் அழுத்தினால் சவ்வு தாங்காது.

இரண்டாவது கட்டம் ஆவியாக்குதல். பணம் கரைவது இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக மாற்றுவதற்கு வேண்டும். அடுப்பில் வைத்த தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிட்டாலும் வற்றுவதற்கு வெகுநேரம் ஆவது அதனால்தான். இந்த வெப்பத்தை மிச்சப்படுத்த, முதல் கலனில் எழும் ஆவியையே அடுத்த கலனுக்கு அடுப்பாக்குகிறார்கள். அடுத்த கலனில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்தால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இப்படி வரிசையாகப் பல கலன்கள். கடைசியில் செறிந்த கரைசலைக் குளிரவைத்தால் சோடியம் சல்பேட் என்ற வகை உப்பு படிகமாகத் திரளும். அது மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. சாதாரண உப்பைவிட சல்பேட்டைப் பிரித்தெடுப்பது எளிது என்பதால் பல பட்டறைகள் சாயம் போடவே சல்பேட்டுக்கு மாறிவிட்டன.

இந்தக் கட்டத்தின் சாரம்: நிறத்தை எடுப்பது சுலபம், உப்பை எடுப்பதுதான் செலவு. ஆகவே யாராவது குறுக்குவழி எடுத்தால் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் எடுப்பார்கள். பவானி, பள்ளிப்பாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை இடித்ததாக அடிக்கடி செய்தி வருவதன் பின்னணியும் இந்தச் செலவுதான்.

எடுத்தது எங்கே போகிறது?

சுத்திகரித்தால் மாசு மறைந்துவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. கஞ்சி வகையில் ஒரு பங்கு காற்றாகிப் போகும், அது சரி. மற்றவை இடம் மாறும், அவ்வளவுதான். தொட்டிகளின் அடியில் சேரும் சேற்றுக்குக் கசடு என்று பெயர். அதில் சாயமும் ரசாயனமும் இருக்கும். பிரிக்க முடியாமல் ஒன்றோடொன்று கலந்து போன உப்பும் மூட்டை மூட்டையாகக் கூரைக் கொட்டகைகளில் சேர்கிறது. கசட்டின் ஒரு பகுதியைச் சிமெண்ட் ஆலைகள் சூளையில் எரிக்க எடுத்துக்கொள்கின்றன. கலப்பு உப்புக்கு அப்படி எளிதான போக்கிடம் இல்லை. மழையில் நனைந்தால் மறுபடி கரைந்து கிளம்பிவிடும்.

கசடு எவ்வளவு ஆபத்தானது என்பதை ராணிப்பேட்டை காட்டியது. 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் தொழிற்சாலைகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அதில் சிக்கி இறந்தார்கள். தோல் பதனிடும் கழிவில் குரோமியம் என்ற உலோகம் வருகிறது. உலோகமும் நுண்ணுயிர் தின்னாத சரக்குதான். காரத்தைச் சேர்த்து அதைத் திடமாகப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடலுக்கே பயன்படுத்த முடியும். மற்றக் கழிவோடு கலக்கும் முன்பே, கிளம்பும் இடத்திலேயே பிரித்தால்தான் அது கைகூடும்.

"மழை வந்தா அடிச்சுட்டுப் போயிடும்"

இந்தப் பேச்சை எல்லா இடத்திலும் கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். டிடிஎஸ் 7,000 உள்ள ஒரு லிட்டர் கழிவுநீரை 2,100க்கு இறக்க, டிடிஎஸ் 500 உள்ள நல்ல தண்ணீர் 3 லிட்டருக்கு மேல் வேண்டும். நொய்யல் வருடத்தின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. அந்தத் தண்ணீர் ஆற்றில் கிடையாது. வெள்ளம் வந்தாலும் உப்பின் மொத்த எடை ஒரு கிராம்கூடக் குறையாது. அது காவிரிக்குப் போகும், அல்லது வழியில் மண்ணுக்குள் இறங்கும்.

"ஊர்ச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்த்துவிட்டால் என்ன?" என்பது இன்னொரு யோசனை. அந்த நிலையங்கள் இரண்டாவது டம்ளருக்காகக் கட்டப்பட்டவை. உப்பு அவற்றின் வழியே அப்படியே கடந்து போகும். நச்சு உலோகமோ அமிலமோ வந்தால் தொட்டியில் வளர்த்த நுண்ணுயிர்கள் செத்து, வீட்டுக் கழிவுநீரும் சுத்தமாகாமல் வெளியேறும்.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோப்பு வகைப் பொருள்கள். வீட்டுச் சாக்கடையிலிருந்தும் அவை வரும். நுரையைக் கண்டதும் சாயப்பட்டறையைக் குற்றம் சொல்வது எப்படிச் சரியில்லையோ, நுரை இல்லாததைக் கண்டு நிம்மதி அடைவதும் அப்படித்தான்.

நீங்களே சோதிக்க நினைத்தால்

சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் பேனா கிடைக்கிறது. தண்ணீரில் நுனியை முக்கினால் அளவைக் காட்டும். ஆற்றங்கரையில் நிலமோ கிணறோ உள்ளவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, தேதி போட்டு நோட்டில் எழுதிவந்தால் நல்லது. ஒருநாள் அளவைவிட, மாதக்கணக்கில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதிகம் சொல்லும். கோடையில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. மழைக்குப் பிறகும் இறங்காவிட்டால் விசாரிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பேனா அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான். அதிலிருந்து உப்பைக் கணிக்கிறது. பிஓடி அதில் தெரியாது. குரோமியம் போன்ற உலோகங்கள் சிறு அளவில் இருந்தாலே கேடு, அந்தச் சிறு அளவைப் பேனாவால் பிரித்துக் காட்ட முடியாது. அவற்றுக்குச் சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி ஒட்டி, ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். பிஓடி பார்க்க வேண்டுமென்றால் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கி அளவு குறைந்துவிடும்.